கார்புரேட்டர் டாம்பருக்கு எந்த எண்ணெய்?

கேள்வி இதுதான். பெங்களூரு ஜக்கூரில் நிற்கும் ஒரு மோட்டார் கிளைடர். ஃபோக்ஸ்வாகன் வழியில் வந்த லிம்பாக் எஞ்சின், ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர். அதன் டாம்பரில் (கார்புரேட்டர் பிஸ்டன் துள்ளாமல் அடக்கும் எண்ணெய் அமைப்பு) யாரோ 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். காலையில் த்ராட்டிலை வேகமாகத் தள்ளினால் கருப்பாகப் புகை கக்குகிறது, ஆர்.பி.எம். ஏறத் தயங்குகிறது. மதியம் அந்தத் தொல்லை இல்லை. ஏ.டி.எஃப். (கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுங்கள் என்கிறார் ஒருவர், பைக் ஃபோர்க் ஆயில் என்கிறார் இன்னொருவர், விமான ஹைட்ராலிக் ஆயில் என்கிறார் மூன்றாமவர். பக்கத்து ஹேங்கரில் ரோட்டாக்ஸ் 912 வைத்திருப்பவரோ, எதை வாங்கினாலும் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்கிறார்.

கடைசி ஆளுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்: அவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம். ரோட்டாக்ஸ் 912, 914 இரண்டிலும் இருக்கும் பிங் 64 கார்புரேட்டரில் டயாஃப்ரமும் பிஸ்டனும் உண்டு, எண்ணெய் நிற்கும் டாஷ்பாட் (டாம்பர் அறை) கிடையாது. ஜபிரு எஞ்சினின் பிங் 94-லும் கிடையாது. ரோட்டாக்ஸ் 582-ன் பிங் 54 கேபிள் இழுத்து ஏறும் சாதாரண ஸ்லைடு வகை. செஸ்னா 172 போன்றவற்றின் லைக்கமிங் எஞ்சினில் வரும் மார்வெல்-ஷெப்லரில் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது, டாம்பர் இல்லை. டாம்பர் எண்ணெய் என்ற பேச்சே ஸ்ட்ராம்பர்க், எஸ்.யு. வகைகளுக்குத்தான். மூடியைத் திருகித் தூக்கினால் கீழே ஒரு மெல்லிய தண்டும் அதன் நுனியில் சின்னப் பித்தளை பிஸ்டனும் எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தால், இந்தப் பதில் உங்களுக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும். டைப் சர்ட்டிஃபிகேட் (வடிவமைப்புக்கு அரசு தரும் சான்றிதழ்) உள்ள விமானமானால் எஞ்சின் கையேடும் சர்வீஸ் புல்லட்டினும் எந்த எண்ணெயைச் சொல்கின்றனவோ அதுதான். அங்கே நம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. மாற்றினால் ஏ.எம்.இ. (உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்) கையெழுத்தோடு லாக்புக்கில் ஏற வேண்டும். கையேடு ஒரு வரம்பை மட்டும் கொடுத்துத் தேர்வை நம்மிடம் விட்டிருந்தாலோ, சொந்தமாகக் கட்டிய விமானமானாலோதான் கீழே வருவதெல்லாம் பயன்படும்.

இந்த எண்ணெய் செய்யும் வேலை என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்தக் கார்புரேட்டரில் காற்று போகும் வாயின் அகலத்தை ஒரு பிஸ்டன் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் ஏறும், அதோடு ஊசியும் ஏறி ஜெட் (பெட்ரோல் வரும் துளை) திறக்கும். ஜெட்டுக்கு மேலே உள்ள உறிஞ்சல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் கனமானது, சற்றுப் பின்தங்கும். அந்த நொடியில் பிஸ்டனும் துள்ளி ஏறிவிட்டால் உறிஞ்சல் விழுந்து கலவை வறண்டுபோகும், எஞ்சின் இருமும். பிஸ்டனை ஒரு கணம் பிடித்து நிறுத்தினால் ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக வரும். அந்தப் பிடிப்பைத் தருவது எண்ணெய். மற்ற கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. சிலிண்டர்கள் மாறி மாறி இழுப்பதால் ஐடிலில் (த்ராட்டில் மூடிய மெதுவான ஓட்டத்தில்) பிஸ்டன் படபடப்பதையும் அதுவே அடக்குகிறது.

டாம்பர் ஏறும்போது மட்டும்தான் தடுக்கும். தண்டின் நுனியில் இருக்கும் சின்ன பிஸ்டன் ஒரு வழி வால்வு. சைக்கிள் பம்பின் தோல் வாஷர் அழுத்தும்போது விரிந்து பிடிக்கும், இழுக்கும்போது மடங்கி விடும் இல்லையா, அதே வித்தை. த்ராட்டிலை மூடினால் கார்புரேட்டர் பிஸ்டன் தடையில்லாமல் விழ வேண்டும்.

ஆகவே எண்ணெயின் கனம், அதாவது அதன் கெட்டித்தன்மை, த்ராட்டிலைத் திறக்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளைத்தான் முக்கியமாகத் தொடும். க்ரூஸில் (சீரான பறப்பில்) கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருந்தால், டேக்-ஆஃபில் முழு ஆர்.பி.எம். வரவில்லை என்றால், எண்ணெயை மாற்றி ஒன்றும் நடக்காது. ஊசி, ஜெட், டயாஃப்ரம், மிதவை, இன்டேக் கசிவு, இக்னிஷன் டைமிங் எல்லாம் சரியான பிறகு கடைசியாகத் தொட வேண்டியது இது. பலரும் முதலில் தொடுவதற்குக் காரணம், இதுதான் மிகவும் சுலபம். கவ்லிங்கை (எஞ்சினை மூடும் கூடு) திறந்து ஒரு மூடியைத் திருகினால் போதும்.

இப்போது கனத்துக்கு வருவோம். எண்ணெயின் கனத்தை 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு), 100 டிகிரியில் எத்தனை என்று இரண்டு எண்களாகப் பார்க்க வேண்டும். டாம்பருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். ஜக்கூரில் டிசம்பர், ஜனவரி காலையில் சுமார் 15 டிகிரி. பறந்து இறங்கி எஞ்சினை அணைத்தபின் கவ்லிங்குக்குள் சூடு தேங்கி டாஷ்பாட் 70 டிகிரி வரை போகலாம். ஒரே எண்ணெய் இந்த இரண்டு முனையிலும் வேலை செய்தாக வேண்டும்.

சராசரிச் சரக்கின் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும். 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் 15 டிகிரியில் 700 சென்டிஸ்டோக்குக்கு மேல், 70 டிகிரியில் 45. ஒற்றை கிரேடு எஸ்.ஏ.இ. 20 என்றால் 15-ல் சுமார் 260, 70-ல் 18. டெக்ஸ்ரான் 3 வகை ஏ.டி.எஃப். 15-ல் 100-ஐ ஒட்டி, 70-ல் 14. விமானங்களில் பிரேக், லேண்டிங் கியருக்குப் போடும் 5606 வகை மினரல் ஹைட்ராலிக் ஆயில் 15-ல் 27, 70-ல் 8.

கேட்டவரின் காலைப் புகைக்கு விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. 700 என்பது விளக்கெண்ணெயை ஒட்டிய கனம். பிஸ்டன் ஏற மறுக்கிறது, காற்று வழி குறுகியே நிற்கிறது, ஜெட் மட்டும் பெட்ரோலைக் கொட்டுகிறது. மதியம் அதே எண்ணெய் சூடாகி இளகியதும் சரியாகிவிடுகிறது. மோட்டார் கிளைடருக்கு இது சும்மா அசௌகரியம் மட்டும் இல்லை. தரையிறங்க வந்து, ரன்வேயில் நாய் குறுக்கே ஓடி, இறங்காமல் மறுபடி மேலே ஏற (கோ-அரவுண்டு) த்ராட்டிலை முழுக்கத் தள்ளும் நேரத்தில்தான் டாம்பரின் குணம் தெரியும். அதற்கு முன் அரை மணி நேரம் எஞ்சினை அணைத்துத் தெர்மலில் (மேலெழும் சூடான காற்றில்) சுற்றியிருந்தால் எண்ணெய் வெளிக்காற்றின் குளிருக்கே வந்திருக்கும்.

பெங்களூருக்கு இன்னொரு சங்கதியும் சேர்கிறது. ஜக்கூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி என்றால் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்திக்கு ஈடான உயரம்) 6,000 அடியை ஒட்டி வரும், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு. கடல்மட்டத்துக்கு அமைத்த ஊசியும் ஜெட்டும், உயரத்துக்கு ஈடு செய்யும் ஏற்பாடு இல்லாவிட்டால், அங்கே 9 சதவீதம் போல ரிச்சாக ஓடும். டிசம்பர் காலையில் இவ்வளவு இராது, ஆனால் அப்போதும் கொஞ்சம் ரிச்தான். அதன்மேல் கனமான டாம்பர் எண்ணெய் சேர்ந்தால் கருப்புப் புகை வராமல் எப்படி இருக்கும்? ஆகவே கலவையைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் புகை பாதிதான் குறையும்.

ஐரோப்பியர்கள் சிலர் இதைப்பற்றி எழுதும்போது மெல்லிய எண்ணெய் என்பார்கள். அவர்கள் கவலை பனிக்காலம். நம் கணக்கு வேறு. பெங்களூரில் 25 டிகிரி நாளில் 8,000 அடிக்கு ஏறினாலும் வெளியே 15 டிகிரிதான் இருக்கும், ஆயிரம் அடிக்கு 2 டிகிரி என்ற கணக்கில். இங்கே குளிரைவிடச் சூடே பெரிய எதிரி. அதனால் 5606 ஹைட்ராலிக் ஆயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கீழே இறங்கி, டாக்ஸி செய்து, பத்து நிமிடம் நின்று, மறுபடி டேக்-ஆஃபுக்குத் தள்ளும்போது அது தண்ணீர்போல் இருக்கும், எஞ்சின் இருமும். டெல்லியில் ஜனவரிக் காலையில் 5 டிகிரிக்குப் பறப்பவருக்கும் ஏ.டி.எஃப். போதும், அந்தக் குளிரில் அது 165-ஐ ஒட்டித்தான் ஏறும். எஸ்.ஏ.இ. 20 அதே இடத்தில் 550-ஐத் தாண்டிவிடும்.

என் தேர்வு: கையேடு இடம் கொடுத்தால் டெக்ஸ்ரான் 3 வகை ஏ.டி.எஃப்.-இல் தொடங்குங்கள். சூட்டில் இருமல் வந்தால் எஸ்.ஏ.இ. 20-க்கு ஏறுங்கள். எஸ்.யு. பெயரிலேயே விற்கும் டாம்பர் எண்ணெயும் அந்த 20 கனம்தான், பெங்களூரின் மிதமான வெயிலுக்கு அதிலும் தப்பில்லை. ஆனால் 15-க்கும் 70-க்கும் இடையே எஸ்.ஏ.இ. 20 பதினான்கு மடங்கு மாறுகிறது, ஏ.டி.எஃப். ஏழு மடங்குதான். ஏ.டி.எஃப். என் முதல் தேர்வாக இருப்பதற்கு அந்த ஏழு மடங்கே காரணம்.

ஃபோர்க் ஆயிலைப் பற்றி: தவறில்லை, ஆனால் பாட்டிலில் போட்டிருக்கும் 10டபிள்யூ, 15டபிள்யூ என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 7-க்குச் சமமாக இருக்கும். டேட்டா ஷீட்டில் 40 டிகிரி சென்டிஸ்டோக் எண்ணைப் பாருங்கள். 30-லிருந்து 60-க்குள் இருந்தால் நம் வேலைக்கு ஆகும். பெங்களூரின் வாகன உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் ஏ.டி.எஃப். கேட்டால் இப்போது டெக்ஸ்ரான் 6 கொடுப்பார்கள், அது கொஞ்சம் இளக்கம். பெரிய பாவம் இல்லை, வேறுபாடு தெரிந்து வாங்குங்கள். ஏ.டி.எஃப்.-உம் சிவப்பு, 5606-உம் சிவப்பு. ஹேங்கர் அலமாரியில் லேபிள் இல்லாத சிவப்பு எண்ணெய்ப் பாட்டில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஊற்றவே கூடாதவை: பிரேக் ஃப்ளூயிட், ஏனென்றால் ஈரத்தை உறிஞ்சும், பெயின்டை உரிக்கும், ரப்பரையும் கெடுக்கும். பெரிய விமானங்களின் ஊதா நிற ஸ்கைட்ரால், அதே காரணம், இன்னும் மோசமாக. தையல் மெஷின் எண்ணெய் பல கார் ஆட்களுக்குப் பிரியம், நம் சூட்டில் அது மிக மெல்லியது. டபிள்யூ 100 விமான எஞ்சின் ஆயில் கையில் இருக்கிறதே என்று ஊற்றுபவர்கள் உண்டு, அது எஸ்.ஏ.இ. 50. 20டபிள்யூ-50-ஐவிடக் காலைக்குக் கெட்டது.

இனி கைவேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃப், ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மூடியைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டுத் திருகித் தூக்குங்கள். பழைய எண்ணெயை மெல்லிய குழாய் பொருத்திய 5 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து வெள்ளைப் பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். பால்போல் கலங்கி இருந்தால் மழைக்கால ஈரம் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்துத் தண்ணீராக இருந்தால் ஆவி கலந்து இளகிவிட்டது. பித்தளைப் பிஸ்டனில் பழுப்பாக வார்னிஷ் ஒட்டியிருந்தால் வால்வு சிக்கும். சுத்தமான பெட்ரோலில் அலசி, நூல் விடாத துணியால் துடையுங்கள். எமரி பேப்பர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன பிஸ்டனை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு லேசாக ஆட வேண்டும். அந்த ஆட்டம்தான் வால்வு. அது இறுகிப்போயிருந்தால் எந்த எண்ணெய் ஊற்றினாலும் பிஸ்டன் மெதுவாகவே விழும். தேய்ந்து தளர்ந்துபோயிருந்தால் எந்த எண்ணெயும் பிடிக்காது. எண்ணெய் ஆராய்ச்சியில் மாதம் கழித்தவர்கள் பலருக்குக் கோளாறு இந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

அளவு: ஸ்ட்ராம்பர்க்கில் கார்புரேட்டர் பிஸ்டனின் நடுவே இருக்கும் குழல் தண்டுக்குள்தான் எண்ணெய் நிற்கும், சில மில்லிதான் பிடிக்கும். அதன் விளிம்புக்கு 6 மி.மீ. கீழே வரை ஊற்றுங்கள். பிறகு டாம்பரை உள்ளே இறக்குங்கள். மூடி அமர்வதற்கு இன்னும் 6 மி.மீ. இருக்கும்போதே தடை கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குறைவு. எஸ்.யு.வில் பழைய கையேடுகள் குழல் தண்டின் மேல் விளிம்புக்கு 13 மி.மீ. மேலே வரை என்கின்றன. மேலே மூடிவரை நிறைத்தால் என்ன என்று நினைக்காதீர்கள். மிஞ்சியது வழிந்து இன்டேக்குக்குள் போகும், பிளக் கருக்கும், இரண்டு பறப்பில் மட்டம் தானே இறங்கிவிடும். பிறகு எண்ணெய் குடிக்கிறது என்று புகார் வரும்.

உண்மையிலேயே குடித்தால், ஸ்ட்ராம்பர்க்கில் ஊசியைச் சரிசெய்யும் அமைப்பு பிஸ்டனுக்குள் இருக்கும் மாடல்களில் அங்கே ஒரு ஓ-ரிங் உண்டு. அது காய்ந்தால் எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே கசியும். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள். அதை ஈடுகட்ட கனமான எண்ணெய் ஊற்றுவது நோயை மறைக்கும் வேலை.

எஸ்.யு. மூடிகளில் காற்றுத் துளை உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. டாஷ்பாட்டுக்கு உள்ளேயே காற்று வழி துளைத்திருந்தால் துளையில்லாத மூடி, இல்லாவிட்டால் துளையுள்ளது. மாற்றிப் போட்டால் எண்ணெய் கனத்தைப்போலவே பிஸ்டனின் வேகத்தைக் கெடுக்கும். டாஷ்பாட்டும் (எஸ்.யு.வில் பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் கூடு முழுவதும்) பிஸ்டனும் ஜோடி, இன்னொரு கார்புரேட்டரின் டாஷ்பாட்டோடு மாற்றக் கூடாது. கழற்றும் முன் பென்சிலால் ஒரு கோடு போட்டால் அதே திசையில் மாட்டலாம். ஸ்ட்ராம்பர்க் டயாஃப்ரத்தில் இடம் காட்டும் சின்னக் காது இருக்கும், அது தன் பள்ளத்தில் அமர்ந்ததா என்று பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பிஸ்டன் முழுக்க ஏறாது, டேக்-ஆஃப் ஆர்.பி.எம்.-ஏ வராது.

மூடியை மாட்டியதும் கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்குங்கள். ஏறும்போது ஒரே சீராகக் கனக்க வேண்டும், விட்டதும் தங்குதடையின்றி விழுந்து டக் என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் தண்டு வளைந்திருக்கலாம், அழுக்கிருக்கலாம், ஊசி ஜெட்டில் உரசலாம். எஸ்.யு.வில் சந்தேகம் இருந்தால் பழைய சோதனை ஒன்று உண்டு: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, டாம்பரை மாட்டி, பிஸ்டனின் காற்றுத் துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்தால் டாஷ்பாட் பிஸ்டனைவிட்டு விழ 5 முதல் 7 நொடி ஆக வேண்டும். ஒன்றேகால் அங்குல வகையில் 3 முதல் 5 நொடி. அதற்குள் விழுந்தால் தேய்மானம்.

தரைச் சோதனைக்கு வீல் சாக் (சக்கரத் தடுப்புக் கட்டை) வைத்து, பிரேக் பிடித்து, எஞ்சின் ஆயில் கையேட்டின் குறைந்தபட்சச் சூட்டுக்கு வந்தபின், ஐடிலிலிருந்து முழுத் த்ராட்டிலுக்கு மூன்று நொடியில் தள்ளுங்கள். பிறகு ஒரு நொடியில். மெல்லிய எண்ணெயானால் தும்மும், கார்புரேட்டர் வழியே பின்வெடிக்கும், சட்டென்று தாவும். கனமானால் புகை, மந்தமான ஏற்றம். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே தயக்கமாகத்தான் தெரியும். பிரித்தறிய, எஞ்சின் சூடாகி டாஷ்பாட் இன்னும் ஆறியிருக்கும் முதல் ரன்-அப்பில் ஒருமுறை, அணைத்துக் கவ்லிங்கை மூடிக் கால் மணி கழித்து மறுமுறை செய்யுங்கள். முதலில் மோசம் என்றால் கனம் அதிகம், இரண்டாவதில் மோசம் என்றால் குறைவு. முழுக் குளிரில் செய்த சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அப்போது எந்த எஞ்சினும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

இரட்டைக் கார்புரேட்டரானால் இரண்டிலும் ஒரே பாட்டில், ஒரே மட்டம். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் த்ராட்டில் திறக்கும்போது எஞ்சின் உலுக்கும், சிங்க்ரனைசேஷன் (இரண்டும் ஒரே அளவில் திறப்பது) கெட்டதோ என்று கேபிளைப் போட்டுக் குடைவீர்கள்.

ஜூலை மாதம், 20 டிகிரி, ஈரம் சொட்டும் காலை. குறைந்த பவரில் இறங்கும்போது ஆர்.பி.எம். மெல்ல மெல்ல விழுந்தால் அது டாம்பர் இல்லை, கார்புரேட்டரில் ஐஸ். கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) இழுங்கள்.

மாற்றும் காலம், கையேடு சொல்லாவிட்டால், 100 மணி நேரமோ வருடமோ எது முதலோ அது. மட்டத்தை 25 மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

ரோட்டாக்ஸ்காரர் வெறுங்கையோடு போக வேண்டாம். அவர் எஞ்சினும் தயங்குகிறது என்றால் பார்க்க வேண்டியவை வேறு: டயாஃப்ரத்தில் கிழிசல், பிஸ்டன் அடித்துளையில் அடைப்பு (அங்கே காற்றேதான் டாம்பர்), ரப்பர் ஃபிளாஞ்சில் வெடிப்பு, இரண்டு கார்புரேட்டரின் சிங்க்ரனைசேஷன். கையோடு மிதவைகளைக் கழற்றி நகைக்கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சியிருக்கின்றன, மாற்ற வேண்டியதுதான்.